விசில் ஐயாவின் கொக்கி

“நான் போகலியே. நீங்கதானே போய்ட்டு வந்தீங்க?”

“நானா? சாவியே இல்லாம நான் எப்படிப் போவேன்? நீங்க எடுத்துட்டுப் போயிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

“நல்லா நினைச்சீங்க போங்க. கொக்கி காலியா இருக்கிறதப் பார்த்துட்டுத்தான் நானும் பேசாம திரும்பிட்டேன். நீங்களும் விசில் ஐயாவும் அங்க உட்கார்ந்து ஊர்க்கதை பேசிட்டிருப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

“ஊர்க்கதை பேச எனக்கு எங்கம்மா நேரம்? இந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துல தீ ஒத்திகை.”

நர்ஸம்மாவும் தீயணைப்பு நிலையத்து மீசைக்காரரும் சாவிப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு இப்படிப் பழியைப் பந்துபோல உருட்டி விளையாடிக்கொண்டிருந்தபோதுதான், நனைந்த குடையை மடக்கியபடி அவள் கூட்டு அறைக்குள் நுழைந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

“பசை, விசில் ஐயா வீட்டுக்கு நீ போனியா?” என்று கேட்டார் நர்ஸம்மா.

“இல்லியே. ஏன்?”

“அப்ப அளவுகோல்தான் போயிருக்கணும்.”

மூலையில் பிரின்டரின் வயிற்றுக்குள் கையை விட்டு, சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்த நகராட்சி வீட்டுவசதிப் பிரிவின் அளவுகோல் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். “நான் அந்தப் பக்கமே போகல. என்னை இதுல சேர்க்காதீங்க.”

பிரின்டர் எதையோ விழுங்கப் பார்த்துத் தோற்றுப்போய் முனகியது.

அது தீயணைப்பு நிலையத்தின் மாடி. முன்பு வீரர்கள் உடற்பயிற்சி செய்த கூடம். சுவர் நீளத்துக்குப் பதித்திருந்த கண்ணாடியை யாரும் கழற்றவில்லை. அதனால் கூட்டம் நடக்கும்போதெல்லாம் எல்லோரும் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்தவரோடு சண்டை போட வேண்டியிருந்தது. நகராட்சி, சுகாதாரத் துறை, தீயணைப்புத் துறை மூன்றும் சேர்ந்து வேலை செய்வது என்று முடிவானபோது இந்த அறைதான் காலியாக இருந்தது. குளிர்பதனப் பெட்டி சுகாதாரத் துறையுடையது. மேல் தட்டில் மருந்து, கீழ்த் தட்டில் எல்லோருடைய மதியச் சாப்பாடு. பிரின்டர் நகராட்சியுடையது. அதற்கு மை வாங்குவது நர்ஸம்மாவின் துறை. தாள் யாருடைய பொறுப்பு என்பது இன்னும் பேச்சுவார்த்தையில் இருந்தது.

இந்த மூன்று துறைகளையும் ஒட்டவைப்பது அவளுடைய வேலை. நகராட்சி அவளுக்கு வைத்திருந்த பதவிப் பெயர் நீளமானது. அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் போன் எடுத்தவர் வைத்துவிடுவார். அதனால் மீசைக்காரர் முதல் நாளிலேயே ‘பசை’ என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் உண்மையாகவே ஒட்டிக்கொண்டது.

சாவிப் பலகை அவளுடைய யோசனை. அவள் வருவதற்கு முன்பெல்லாம், தனியாக வாழும் ஒரு முதியவரின் கதவை ஒரே காலையில் மூன்று பேர் தட்டுவார்கள். நர்ஸ் வந்து, “படி ஏற முடியுதா?” என்று கேட்டுவிட்டுப் போவார். தீயணைப்பிலிருந்து வந்து, “படி ஏற முடியுதா?” என்பார்கள். வீட்டுவசதிப் பிரிவு வந்து சுவரின் ஈரத்தை அளந்துவிட்டு, கிளம்பும்போது ஞாபகம் வந்தது போல, “படி ஏற முடியுதா?” என்பார்கள். பிறகு மாதக்கணக்கில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவள் அதை மாற்றினாள். கதவருகே வர நேரம் பிடிக்கும் முதியவர்கள் தங்கள் சாவியின் நகலைக் கூட்டு அறையில் கொடுத்துவைப்பார்கள். யார் முதலில் போகிறாரோ அவர் சாவியை எடுத்துக்கொண்டு போய் மற்றவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வருவார். நர்ஸம்மா புகை எச்சரிக்கை மணியின் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். மீசைக்காரர் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பார். கொக்கி காலியாக இருந்தால் யாரோ அங்கே இருக்கிறார்கள் என்று அர்த்தம். மற்றவர்கள் போக வேண்டாம்.

நகராட்சிக் கூட்டத்தில் இதை விளக்கியபோது அவள் சொன்ன வாக்கியம் அவளுக்கே மிகவும் பிடித்திருந்தது. “இந்தப் பலகையைப் பார்த்தால் போதும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.” உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

இப்போது யாரும் யாரையும் கேட்கவில்லை. அதுதான் நடந்திருந்தது.

“கடைசியா அவரைப் பார்த்தது யாரு?” என்றாள்.

நர்ஸம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். “போன வாரத்துக்கு முந்தின வாரம் நான்தான் கட்டு மாத்தினேன். அவரு கால் புண்ணு அப்படியே விடற புண்ணு இல்ல, பசை.”

தரையில் விழுந்து கிடக்கும் ஒரு மனிதர் அவள் கண்முன்னால் வந்தார். கை நீட்டினால் எட்டாத தூரத்தில் போன். அந்தப் பக்கம் ஒரு காலிக் கொக்கி, அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகும் நான்கு பேர்.

“போன் பண்ணுங்க.”

“பண்ணிட்டேன். அடிக்குது, எடுக்கல.”

“வாங்க போலாம்” என்ற மீசைக்காரர் ஏற்கெனவே கடப்பாரைப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். “சாவி இல்லேன்னா என்ன, நான் இருக்கேன்ல.”

“நானும் வரேன்” என்றார் அளவுகோல், விரலில் மையோடு எழுந்து. “அந்தக் கட்டடத்துல வடக்குச் சுவர் ஈரம் ஒருதரம் பார்க்கணும்.”

“நீங்க வேணாம்” என்றார் நர்ஸம்மா வெடுக்கென்று. “நீங்க போனா சுவரோட நிக்க மாட்டீங்க.”

“இதோ ஆரம்பிச்சுட்டாங்க.”

“ஆரம்பிக்காம? ரெண்டாவது மாடி அம்மாவ ஊருக்கு அந்தக் கடைசிக்குக் கிளப்பி விட்டீங்களே, மறந்துடுவேனா?”

“நானா கிளப்பினேன்? விதி கிளப்பிச்சு. அது ஒருவர் குடியிருப்பு. தனியா இருக்கிறவங்களுக்குன்னே கட்டினது, வெளிய பெரிய வரிசையே காத்துட்டிருக்கு. அவங்க அக்கா பையன் பாய் தலகாணியோட வந்து உட்கார்ந்துட்டான். எனக்கென்ன வேண்டுதலா? அதுவும் அவன் அங்க இருக்கான்னு இந்த ரூம்ல சொன்னதே நீங்கதான்.”

நர்ஸம்மாவின் முகம் சுருங்கிப்போனது. “குளியலறையில ரெண்டு பல் தேய்க்கிற பிரஷ் இருந்துச்சுன்னு பேச்சுவாக்குல சொன்னேன். சிரிக்கிறதுக்காகச் சொன்னேன்.”

“இங்க சொன்னா எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரின்னு பசையே போர்டு எழுதி மாட்டியிருக்காளே.”

அது உண்மைதான். கண்ணாடிக்கு மேலே அவள் கையெழுத்தில் தொங்கியது: ‘எங்களில் ஒருவரிடம் சொன்னால் எல்லோரிடமும் சொன்னதுபோல.’ சேரும் ஒவ்வொரு முதியவரிடமும் அவள் அதைத்தான் முதலில் சொல்வாள். பெரும்பாலானோர் அதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். இனிமேல் ஒரே கதையைப் பத்துப் பேரிடம் ஒப்பிக்க வேண்டாமே என்று.

அவள் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மழை வலுக்கவும் இல்லை, விடவும் இல்லை. நிலையத்தின் சின்னச் சிவப்பு வண்டியில் துடைப்பான் ஒன்று வேலை செய்தது, மற்றொன்று பார்வையாளராக இருந்தது. சலவைக் கடையின் கண்ணாடி உள்ளிருந்து ஆவி படிந்து பால்நிறமாகியிருக்க, அதில் யாரோ விரலால் ஒரு மீன் வரைந்திருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் புத்தகத்தைத் தலைமேல் பிடிக்காமல் மேல்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நனைந்தாள். வேறொரு நாளாக இருந்தால் இதையெல்லாம் பார்த்து அவள் மனம் எங்காவது கிளம்பிப் போயிருக்கும். இன்று அது வண்டியைவிட்டு இறங்க மறுத்தது.

“ஒண்ணும் ஆகியிருக்காதும்மா” என்றார் மீசைக்காரர். “அவரு தண்ணியிலேயே வாழ்ந்த ஆளு. லேசுல மூழ்க மாட்டாரு.”

பிறகு அவரே பேச்சை மாற்றினார். “ஆமா, நர்ஸம்மாகிட்ட புதுசா ஒரு அம்மா சேர்ந்திருக்காங்களே, நல்ல மாதிரி. வாய்தான் கொஞ்சம் நீளம். போன வாரம் வந்தப்ப நான் கழுவின கப்பையே என் முன்னாடி திருப்பிக் கழுவிட்டாங்கன்னா பாரேன்.”

“ம்” என்றாள் அவள். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

குடியிருப்பு நான்கு மாடிக் கட்டடம். நீளமான தாழ்வாரங்கள், ஒரே மாதிரிக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு மிதியடி, ஒவ்வொரு மிதியடியிலும் ஒரு ஜோடி செருப்பு. முதல் மாடியில் மூலை வீடு விசில் ஐயாவுடையது. வேலை பார்த்த காலம் முழுக்க நகராட்சி நீச்சல் குளத்தில் காவலராக இருந்தவர். கரையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் மூழ்காமல் பார்த்துக்கொள்வது அவர் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் விசில் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. கதவருகே வர நேரமாகும் என்பதால் உள்ளேயிருந்தே விசிலில் பேசுவார். குளத்துச் சட்டம்தான் வீட்டுக்கும். ஒரு சின்ன ஊதல் என்றால் நின்ற இடத்திலேயே நில். இரண்டு என்றால் வரலாம். நீளமாக ஒன்று என்றால் எல்லோரும் தண்ணீரைவிட்டு வெளியேற வேண்டும். அந்த நீள ஊதலை மட்டும் ஆபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மீசைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கதவைத் தட்டினாள்.

சத்தமில்லை. மறுபடி தட்டினாள். கதவில் காதை வைத்தாள். மீசைக்காரர் பையின் ஜிப்பைத் திறந்தார்.

உள்ளேயிருந்து ஒரு சின்ன ஊதல் வந்தது.

அவள் சுவரில் சாய்ந்தாள். மீசைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “பார்த்தியா! ஆளு கல்லு மாதிரி இருக்காரு. நீ பேசிட்டிரு. கீழ தீயணைக்கிற தண்ணிக்குழாய்ப் பெட்டிக்குள்ள எவனோ சைக்கிள் பம்பு, செருப்புன்னு குடோனே வெச்சிருக்கான். அதைக் காலி பண்ணிட்டு மேல வரேன். ஐயாகிட்ட சொல்லு, நானும் வரேன்னு.”

அவருடைய பூட்ஸ் ஒலி படிகளில் இறங்கிப் போனது. கதவுக்குள் வேறு ஒலிகள் கேட்டன. ஏதோ இழுபட்டது. ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. பிறகுதான் இரண்டு ஊதல்.

கதவைத் திறந்தவர் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சவரம் செய்த முகம். பொத்தான்கள் எல்லாம் சரியான துளைகளில் இருந்தன. பெரியவர் திருதிருவென்று விழித்தார்.

“வாங்கம்மா. என்ன இந்த மழையில?”

“ஐயா, எப்படி இருக்கீங்க? நாங்க எல்லாரும் பயந்தே போயிட்டோம்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“யாருமே உங்களைப் பார்க்க வரலியே.”

“அதான் நானும் யோசிச்சேன்” என்றார் அவர். “என்னடா இது, ஒருத்தரையும் காணோமேன்னு.” அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் கொஞ்சமும் இல்லை.

ஒரே அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை. அவளுக்கு இந்த வீடு கண்ணை மூடினாலும் தெரியும். இன்று அது வேறு யாரோ வாழும் வீடுபோல இருந்தது. திரைச்சீலை துவைக்கப்பட்டு ஒரு சாண் குறுகியிருந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற அலமாரி சுவரோரம் போயிருக்க, வெளியே நனையும் மரம் அறைக்குள் தெரிந்தது. நடைவண்டியின் கைப்பிடியில் பூப்போட்ட துணியில் ஒரு பை தைத்துக் கட்டியிருந்தது. அதற்குள் கண்ணாடி, போன், மாத்திரை டப்பா. அவர் காலைப் பார்த்தாள். கட்டு வெள்ளையாக, இறுக்கமாக, நர்ஸம்மா கட்டுவதைவிட ஒரு சுற்று அதிகமாக இருந்தது. முடிச்சுக்கு மட்டும் அதே பூப்போட்ட துணி.

“கட்டு யார் மாத்தினது ஐயா?”

“நான்தான்.”

“குனியவே முடியாதே உங்களால.”

“இப்ப முடியுது.”

மேசைமேல் இரண்டு தம்ளர்கள் இருந்தன. அவள் பார்ப்பதைப் பார்த்து அவர் ஒன்றை நகர்த்தி மற்றொன்றுக்குப் பின்னால் வைத்தார். அது ஒளியவில்லை. தம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சாவி கிடந்தது. நீல வளையம், அதில் அவள் கையால் எழுதிக் கட்டிய சீட்டு.

“சாவி இங்க எப்படி வந்துச்சு?”

“அது… அதுவா வந்துடுச்சு.”

குளியலறைக்குள் யாரோ தும்மினார்கள். அடக்கப் பார்த்து, முடியாமல், இரண்டு மடங்காக வெடித்த தும்மல்.

விசில் ஐயா கூரையைப் பார்த்தார். “பூனை” என்றார்.

“பூனை வளர்க்கிறதுக்கும் அனுமதி வாங்கணும் ஐயா.”

குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “அண்ணே, நீ பூனைன்னு சொல்லிட்ட. இப்ப நான் மியாவ்னு கத்தணுமா, இல்ல வெளிய வரலாமா? இங்க நிக்கிறதுக்கே இடமில்ல.”

ஐயா விசிலை வாயில் வைத்தார். யோசித்தார். தோற்றுப்போன மனிதராக, மெல்ல, இரண்டு ஊதினார்.

வெளியே வந்தவர் ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. அண்ணனைவிடச் சில வயது இளையவர். அதே மூக்கு, அதே பெரிய காதுகள், அவருக்கு இல்லாத வாய். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதானா பசைங்கிறது? நான் இன்னும் வயசான ஆளா இருக்கும்னு நினைச்சேன். உட்காரு. தலையைத் துவட்டு முதல்ல.” துண்டு ஒன்று பறந்து வந்து அவள் மடியில் விழுந்தது.

“என் தங்கச்சி” என்றார் ஐயா, தெரியாத எதையோ அறிவிப்பதுபோல.

“உங்களுக்குத் தங்கச்சி இருக்கிறதா நீங்க சொன்னதே இல்லியே.”

“பேச்சுவார்த்தை இல்லாம இருந்துச்சு.”

“ஏன்?”

“என் கல்யாணத்துல விசில் ஊதினாரு” என்றார் தங்கை.

“அது இல்ல. அப்பாவோட சைக்கிள இவ வித்துட்டா” என்றார் அண்ணன்.

“சைக்கிளா? அதுக்கா பேசாம இருந்தீங்க? நான் விசிலுக்குன்னு இருந்தேன்!”

இருவரும் ஒருவரையொருவர் உண்மையான வியப்போடு பார்த்துக்கொண்டார்கள். இத்தனை காலம் வேறு வேறு சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

தங்கை சலவைக் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தார், தையல் வேலை செய்துகொண்டு. தெருவை அகலப்படுத்தக் கட்டடத்தை இடிக்கப்போவதாக அறிவித்து, முதலில் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டது நகராட்சி. புது இடம் தருவார்கள், ஆனால் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு அங்கே இருந்தவர் தோளைக் குலுக்கினார். மூட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் நின்றபோது, எந்தப் பேருந்தில் ஏறுகிறோம் என்று பார்க்காமலே ஏறி, அண்ணன் வீட்டுப் பக்கம் இறங்கியிருந்தார்.

“ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். வந்து பார்த்தா இவரு இருக்கிற லட்சணம்! கால்ல ஒரு கட்டு, அதுல ஒரு நாத்தம். அடுப்புல நேத்து வெச்சது. திறந்த வீடு மாதிரி ஆளாளுக்குச் சாவி போட்டு உள்ள வர்றாங்கன்னு இவரு வேற சொல்றாரு. நான் துணி மாத்திட்டிருக்கும்போது எவனாவது தீயணைக்கிறேன்னு வந்து நின்னா? அதான் நானே நேர்ல வந்து சாவிய எடுத்துட்டு வந்தேன்.”

“எங்க ஆபீசுக்கா?”

“ஆமா. மாடியில. சுவரெல்லாம் கண்ணாடி. உள்ள ஒரு மீசைக்காரர் கப் கழுவிட்டிருந்தாரு. விசில் வீட்டுச் சாவின்னு சொன்னேன். ‘ஓ, நர்ஸம்மா ஆளா? அந்த வரிசையில பாருங்க’ன்னாரு. டீ வேற போட்டுக் கொடுத்தாரு. அந்தக் கப்பைத்தான் நான் திருப்பிக் கழுவ வேண்டியதாப் போச்சு.”

அவள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. கூட்டு அறையில் தெரியாத முகமெல்லாம் பக்கத்துத் துறையின் முகம். யார் வந்து நின்றாலும் இன்னொருவருடைய ஆள். அதனால் ஒருவர் உள்ளே வந்து சாவியை எடுத்துக்கொண்டு, டீயும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு எல்லோரும் காலிக் கொக்கியைப் பார்த்து, விசில் ஐயாவோடு யாரோ இருக்கிறார்கள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் பொய்யே இல்லை. யாரோ இருந்துதான் இருக்கிறார்கள்.

“கதவைத் தட்டிட்டு வருவாங்கன்னு நினைச்சோம்” என்றார் ஐயா. “ஒருத்தருமே வராம போவாங்கன்னு நாங்க எதிர்பார்க்கல. அப்புறம்… சரி, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டோம்.”

தங்கை சமையல் மூலைக்குப் போய் எதையோ கிளறினார். முதுகைக் காட்டியபடியே, “எத்தனை நாள் விட்டுவைப்பீங்க எங்களை?” என்றார். குரலில் இருந்த கேலி இந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவளுக்கு இரண்டாவது மாடி அம்மா ஞாபகம் வந்தார். இடம் மாறிய பிறகு அவரை ஒருமுறை போய்ப் பார்த்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்தின் சுவர். “பரவாயில்லம்மா, இங்கயும் வெயில் வருது” என்று அந்த அம்மா சுவரைக் காட்டினார். அக்கா பையன் வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டிருந்தான். அளவுகோல் கெட்டவர் இல்லை. அந்த அம்மாவை அனுப்பிய அன்று மாலை முழுக்க அவர் சுவர்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்ததை அவள் பார்த்திருந்தாள். வரிசையில் காத்திருப்பவர்களும் கற்பனை மனிதர்கள் இல்லை. தனியாக, படி ஏற முடியாமல், எங்கோ ஓர் ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய முகம்கூட அவளுக்குத் தெரியும்.

“மனு போடலாம் ஐயா” என்றாள். “ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வீடு.”

“போட்டா?”

“விசாரிப்பாங்க. அதுவரைக்கும்…” அவள் நிறுத்தினாள். அதுவரைக்கும் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தங்கை வெளியே போக வேண்டும். அல்லது இருவரும் போக வேண்டும். ஐயா தனியாக இல்லை என்றால் நர்ஸம்மா வீட்டுக்கு வருவதும் நிற்கும். அவர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

“அதுவரைக்கும் நான் எங்க இருப்பேன்னு சொல்லேன்” என்றார் தங்கை. “பூனையாவே இருந்துடட்டுமா?”

ஐயா சிரிக்கவில்லை. நாற்காலியில் மெதுவாக அமர்ந்து காலை நீட்டினார்.

“குளத்துல ஒரு விஷயம் உண்டும்மா” என்றார். “மூழ்கறவன் சத்தம் போடவே மாட்டான். அமைதியா இருப்பான். பார்க்கிறவனுக்கு அவன் சும்மா மிதக்கிற மாதிரி இருக்கும். இவ வர்றதுக்கு முன்னாடி நீங்க எல்லாரும் மாத்தி மாத்தி வந்தீங்க. நல்லாத்தான் கவனிச்சுக்கிட்டீங்க, குறை சொல்ல மாட்டேன். நானும் நல்லா இருக்கேன்னு சொன்னேன். மிதந்துட்டிருந்தேன்.”

மழை ஜன்னலில் சாய்வாகக் கோடு இழுத்தது. அவள் பையில் போன் அதிர்ந்தது. நர்ஸம்மா. எடுக்கவில்லை. நின்று, மறுபடி அதிர்ந்தது.

கீழேயிருந்து குழாய்ப் பெட்டியின் இரும்புக் கதவு மூடப்படும் ஒலி கேட்டது. பிறகு படிகளில் பூட்ஸ். அவசரமில்லாத, எட்டி வைக்கும் நடை. நடுவில் யாரிடமோ நின்று பேசினார். செருப்பை எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருப்பார்.

“யாரது?” என்றார் தங்கை.

“மீசைக்காரர்” என்றாள் அவள். “உங்களுக்கு டீ கொடுத்தவர்.”

மீசைக்காரர் தங்கமான மனிதர். ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது. இந்தப் பெண்மணியைப் பார்த்த உடனேயே, “அடடே, நீங்களா!” என்பார். சாயங்காலத்துக்குள் அது கூட்டு அறையில் ஒரு வேடிக்கைக் கதையாகியிருக்கும். நர்ஸம்மா வயிறு குலுங்கச் சிரிப்பார். பிரின்டர் பக்கமிருந்து ஒரு தலை மெல்ல நிமிரும்.

தங்கை கரண்டியைக் கீழே வைத்தார். குளியலறைக் கதவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். போகவும் இல்லை, நிற்கவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருந்தார். அவர் மூக்கு மறுபடி தும்மலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

விசில் ஐயா மேசைமேலிருந்த சாவியை எடுத்தார். நீல வளையத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை சுற்றினார். பிறகு அதை அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். அவர் கை தண்ணீரிலிருந்து இப்போதுதான் வந்ததுபோலக் குளிர்ந்திருந்தது.

“என்னைச் சேர்த்துக்கிட்ட அன்னைக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க” என்றார். “எங்கள்ல ஒருத்தர்கிட்ட சொன்னா எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரின்னு. எனக்கு அது ரொம்பப் பெரிய ஆறுதலா இருந்துச்சும்மா. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தேன்.”

பூட்ஸ் ஒலி தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்கு வந்துவிட்டது.

“இது ஒண்ண மட்டும்,” என்றார் விசில் ஐயா, “ஒருத்தர்கிட்ட சொன்னதாவே வெச்சுக்கறீங்களா?”